கருவிலுள்ள குழந்தையின் இருதயக் குறையும் மூளை வளர்ச்சியும்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் ‘இருதயத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, எக்கோ பார்த்துவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுக்கப்பட்ட குடும்பங்கள், முதல் சில நாட்கள் இருதயத்தைப் பற்றி மட்டுமே கேட்கின்றன. ஆபரேஷன் உண்டா, செலவு எவ்வளவு, உயிருக்கு ஆபத்தா என்பவையே அந்தக் கேள்விகள். ‘புத்தி வளர்ச்சி நன்றாக இருக்குமா?’ என்ற கேள்வி பிறகு தயங்கித் தயங்கி வருகிறது. பெரும்பாலும் பாட்டியிடமிருந்து வருகிறது. அந்தக் கேள்வியையும் அதைச் சுற்றி எழும் பிற கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, இன்று மருத்துவம் உறுதியாக அறிந்துள்ளவற்றை இங்கே விளக்கியிருக்கிறோம். உங்கள் குழந்தையைப் பற்றிய முடிவுகளை, எக்கோ பார்த்த மருத்துவரோடு பேசியே எடுக்க வேண்டும்.

இருதயத்தில்தானே குறை? மூளையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்குப் பிறவி இருதயக் குறை உள்ளது. அவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே அறுவை சிகிச்சையோ வடிகுழாய்ச் சிகிச்சையோ தேவைப்படுகிறது. இத்தகைய கடுமையான குறையோடு பிறந்து, அறுவை சிகிச்சையால் பிழைத்து வளர்ந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் பேச்சு, கவனம், கணக்கு, கைவேலை நுட்பம் ஆகியவற்றில் சற்றுப் பின்தங்குவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டு வந்தார்கள். அறுவை சிகிச்சையின்போது இருதய-நுரையீரல் இயந்திரத்தில் வைப்பதும், சிறிது நேரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவைப்பதுமே இதற்குக் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1988 முதல் 1992 வரை அறுவை சிகிச்சை செய்யப்பட்ட குழந்தைகளை, ரத்த ஓட்டத்தை முழுவதும் நிறுத்திய பிரிவு, குறைந்த அளவில் ஓடவிட்ட பிரிவு என இரண்டாகப் பிரித்து, 16 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு இரண்டு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இரண்டு பிரிவுகளிலுமே படிப்பில் உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள்.

அப்படியானால் வேர் வேறெங்கோ இருக்க வேண்டும் என்று தேடியபோதுதான், அறுவை சிகிச்சைக்கு முன்பே குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. பிலடெல்பியாவில் 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, நிறைமாதத்தில் பிறந்து, இடது பக்க இருதயம் வளராத குறையோ பெருந்தமனிகள் இடம் மாறிய குறையோ உள்ள குழந்தைகளின் மூளை, 35 வாரக் குழந்தையின் மூளையைப் போல, அதாவது ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கித் தெரிந்ததைக் காட்டியது. அந்தக் குழந்தைகள் மீது அதுவரை கத்தி படவே இல்லை. ஆகவே இந்தத் தாமதம் கருப்பையிலேயே தொடங்குகிறது என்பது தெளிவாயிற்று.

வயிற்றுக்குள் இருக்கும்போது மூளைக்கு ரத்தம் எப்படிப் போகிறது?

மற்ற பதில்களெல்லாம் இதன் மீதே நிற்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றிலிருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதற்கு ஆக்சிஜனைக் கொடுப்பது நஞ்சுக்கொடி. அங்கிருந்து தொப்புள் கொடியின் சிரை வழியாக வரும் ரத்தம்தான் குழந்தையின் உடலிலேயே ஆக்சிஜன் மிகுந்த ரத்தம். அதில் ஆக்சிஜன் செறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. இந்த ரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலில் தங்காமல் ஒரு குறுக்கு வழியில் இருதயத்தின் வலது மேலறைக்குள் நுழைந்து, அறைகளுக்கு நடுவே இயற்கை விட்டுவைத்திருக்கும் திறப்பின் வழியாக நேரே இடது மேலறைக்கும், பிறகு இடது கீழறைக்கும் செல்கிறது. இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனியின் முதல் கிளைகள் இருதயத் தசைக்கும் தலைக்கும் போகின்றன. உடம்பைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்து திரும்பும் ரத்தமோ வலது கீழறைக்குப் போய், நுரையீரலுக்குள் பெரிதாக நுழையாமல், இன்னொரு குறுக்குக் குழாய் வழியாக உடலின் கீழ்ப்பகுதிக்கும் நஞ்சுக்கொடிக்கும் செல்கிறது.

பெரியாறு வாய்க்கால் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பேரணையில் பிரியும் தண்ணீர் முதலில் தலைமடைக்குப் பாய்ந்து, பிறகே மேலூர்ப் பக்கத்துக் கடைமடைக்கு வருவது போல, நஞ்சுக்கொடியிலிருந்து வரும் நல்ல ரத்தத்தின் முதல் பாய்ச்சல் மூளைக்குக் கிடைக்கும்படி கருவின் இருதயம் அமைந்திருக்கிறது. இருதயத்தின் சுவர்களும் குழாய்களும் இடம் மாறினால், இந்த முறைப் பாய்ச்சல் குலைந்துவிடுகிறது.

எல்லா இருதயக் குறைகளிலும் இது நடக்குமா?

இல்லை. எந்தக் குழாய் எங்கே இணைந்திருக்கிறது, எவ்வளவு ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தே மூளையின் நிலை அமைகிறது.

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருந்தால், பெருந்தமனி வலது கீழறையிலிருந்து கிளம்புகிறது. மூளைக்குப் போக வேண்டிய நல்ல ரத்தம் நுரையீரல் பக்கம் போய்விட, உடம்பைச் சுற்றி வந்த ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மூளைக்குப் போகிறது. ரத்தத்தின் அளவு குறையாது. அதிலுள்ள ஆக்சிஜன்தான் குறையும்.

இடது பக்க இருதயம் வளராத குறையில் நிலைமை இன்னும் சிக்கலானது. இடது கீழறை மிகச் சிறியதாக இருப்பதால் பெருந்தமனிக்குள் முன்னோக்கி ரத்தம் போவதே இல்லை, அல்லது மிகக் குறைவு. வலது பக்கத்திலிருந்து குறுக்குக் குழாய் வழியாக வந்த கலப்பு ரத்தம் பெருந்தமனி வளைவுக்குள் பின்னோக்கி ஏறித்தான் தலைக்கும் இருதயத் தசைக்கும் செல்கிறது. இங்கே ஆக்சிஜனும் குறைவு, ஓட்டத்தின் வேகமும் குறைவு. மூளை வளர்ச்சி மிகவும் பின்தங்குவது இந்தக் குறையில்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன.

கீழறைகளுக்கு இடையே துளையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் சுருக்கமும் உட்பட நான்கு குறைகள் சேர்ந்து வரும் டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ எனப்படும் குறையிலும், பெருந்தமனிச் சுருக்கத்திலும், நுரையீரல் வால்வு அடைபட்ட நிலையிலும் பாதிப்பு குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்.

ஸ்கேன் அறிக்கையில் ‘சிறிய ஓட்டை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மூளை பாதிக்கப்படுமா?

கீழறைகளுக்கு இடையே சிறிய துளை மட்டும் இருந்து, வேறு குறையும் மரபணுக் கோளாறும் இல்லையென்றால், மூளைக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறுவதில்லை. இவற்றுள் பல துளைகள் பிறந்தபின் தாமாகவே மூடிக்கொள்ளும். ‘இருதயத்தில் ஓட்டை’ என்ற ஒரே சொல்லை ஊரில் எல்லாக் குறைகளுக்கும் பயன்படுத்துவதால், சிறு துளைக்கும் அதே பயம் வந்துவிடுகிறது. குறையின் முழுப் பெயரை மருத்துவரிடம் கேட்டு, தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவரிடம் காட்டும்போது பாதி நேரம் மிச்சமாகும்.

எக்கோ பார்க்கும்போது திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்தன. நீலம் கெட்ட ரத்தமா?

அல்ல. டாப்ளர் படத்தில் கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பாகவும், விலகிப் போகும் ரத்தம் நீலமாகவும் காட்டப்படுகிறது. அந்த நிறங்கள் திசையைத்தான் குறிக்கின்றன; ஆக்சிஜனைக் குறிப்பதில்லை. குழந்தை புரண்டு படுத்தால் அதே குழாய் சிவப்பிலிருந்து நீலமாகிவிடும். ஆனால் ஓரிடத்தில் ரத்தம் பின்னோக்கி ஓடுவது நிறத்தால் தெரிந்தால், மருத்துவர் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்வார். மேலே சொன்ன பெருந்தமனி வளைவின் பின்னோட்டம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

மூளைக்குள் சரியாக என்ன மாறுகிறது?

ஆறாம் மாத வாக்கில் கருவின் மூளையைப் படத்தில் பார்த்தால், அதன் மேற்பரப்பு பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். கடைசி மூன்று மாதங்களில்தான் மடிப்புகள் விழுகின்றன. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. நரம்பு இழைகளைச் சுற்றிக் கொழுப்பு உறை படியத் தொடங்குகிறது. 29 வாரத்துக்கும் 41 வாரத்துக்கும் இடையே மூளையின் பருமன் இரண்டரை மடங்குக்கும் மேல் பெருகுகிறது. 34 வாரத்தில் அதன் எடை நிறைமாத எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். இவ்வளவு வேகமாக வளரும் உறுப்புக்கு ஆக்சிஜனும் சர்க்கரைச் சத்தும் மிக அதிகமாகத் தேவை. ஆகையால் அந்தக் காலத்தில் வரத்துக் குறைந்தால் வளர்ச்சியின் வேகமும் குறைகிறது.

டொரண்டோ நகரத்து ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், நிறைமாதத்தை நெருங்கிய கருக்களின் ரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜனையும் எம்.ஆர்.ஐ. மூலமாகவே அளந்தார்கள். இருதயக் குறை உள்ள கருக்களில் மூளைக்குச் செல்லும் ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவும், மூளை பயன்படுத்திய ஆக்சிஜனும் குறைவாக இருந்தன. மூளையின் பருமனும் சராசரியாக 13 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆக்சிஜன் பயன்பாடு எந்த அளவுக்குக் குறைந்ததோ, அதற்கேற்ப மூளையும் சிறுத்திருந்தது. அதுவரை ஊகமாக இருந்த தொடர்பு, அளவுகளோடு நேரில் காட்டப்பட்டது அந்த ஆய்வில்தான் என்பதால் அதை முக்கியமாகக் கருதுகிறோம்.

படத்தில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மூளையின் இரு பக்கவாட்டிலும் உள்ளே புதைந்து ஒரு பகுதி இருக்கிறது. நிறைமாதத்தில் சுற்றியுள்ள மடிப்புகள் இரண்டு உதடுகள் சேர்வது போல வந்து அதை மூடிவிட வேண்டும். இருதயக் குறை உள்ள சில குழந்தைகளில் அந்த உதடுகள் இன்னும் சேராமல், உள்பகுதி திறந்தே கிடக்கும். அந்த இடம் சிதையவில்லை; மடிப்புகள் சேர வேண்டிய நேரத்தில் இன்னும் சேரவில்லை, அவ்வளவே.

தாமதத்தையும் சேதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருப்பையில் பெரும்பாலும் நிகழ்வது தாமதம். ஆனால் தாமதமான மூளையில் நரம்பு உறையை உருவாக்கும் இளம் அணுக்கள் முதிராத நிலையிலேயே இருப்பதால், பிறந்த பின் ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ திடீரென்று இறங்கினால் அவை எளிதில் அழிகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையில் நரம்பு இழைகள் ஓடும் வெள்ளைப் பகுதியில் ஏற்படும் சேதம், நிறைமாதத்தில் பிறந்த இருதயக் குறைக் குழந்தைகளுக்கும் ஏற்படுவது இதனால்தான்.

குழந்தையின் உடம்பு மூளையைக் காப்பாற்ற முயலாதா?

முயல்கிறது. ஆக்சிஜன் குறைவதை உணர்ந்ததும் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து, கூடுதல் ரத்தத்தை இழுத்துக்கொள்கின்றன. டாப்ளர் ஸ்கேனில் மூளையின் நடுத் தமனியில் ரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பு குறைந்திருப்பதாக மருத்துவர் எழுதினால், அது இந்தத் தற்காப்பின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் இருதயத்தின் அமைப்பே வழியை மறித்திருக்கும்போது இந்த முயற்சியால் முழுப் பலன் கிடைப்பதில்லை. ஆகவே அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ‘மூளை தப்பித்துவிட்டது’ என்றோ ‘மூளை போய்விட்டது’ என்றோ முடிவுக்கு வர வேண்டாம்.

ரத்த ஓட்டம் மட்டும்தான் காரணமா?

மரபணுக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இருதயமும் மூளையும் கருவின் முதல் வாரங்களில் ஒரே காலத்தில், பல பொதுவான மரபணுக்களின் கட்டளைப்படி உருவாகின்றன. அந்த மரபணு ஒன்றில் பிழை நேர்ந்தால் இரண்டும் பாதிக்கப்படலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருதயக் குறை இருப்பது பலருக்கும் தெரியும். 22 ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போகும் நிலை அவ்வளவு பேருக்குத் தெரியாது. பெருந்தமனி வளைவு, டெட்ராலஜி போன்ற குறைகளோடு அது அடிக்கடி சேர்ந்து வருகிறது. பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் மரபணு மாற்றங்கள், இருதயக் குறையோடு வளர்ச்சித் தாமதமும் உள்ள பிள்ளைகளிடம் கூடுதலாக இருப்பதை 2015 இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

மூன்றாவது காரணம் நஞ்சுக்கொடி. இருதயக் குறை உள்ள சில கருக்களில் நஞ்சுக்கொடியும் சிறியதாகவோ சரியாக வளராமலோ இருக்கிறது. அப்போது வரும் ரத்தத்திலேயே சத்தும் ஆக்சிஜனும் குறைந்துவிடும். தாயின் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இங்கே வந்து சேர்ந்துகொள்கின்றன.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

மதுரை வட்டாரத்தில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறை பார்த்துச் செய்யும் திருமணங்கள் இன்றும் சகஜம். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நெருங்கிய உறவுத் திருமணத்தில் சிலவகை இருதயக் குறைகளின் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. அதே உண்மையின் மறுபக்கம், அத்தகைய தம்பதியரின் குழந்தைகளில் பெரும்பாலோர் நல்ல இருதயத்தோடுதான் பிறக்கிறார்கள் என்பது. அயலில் மணந்தவர்களுக்கும் இந்தக் குறை வருகிறது என்பதும் உண்மை. குழந்தை வயிற்றில் இருக்கும்போது இரு வீட்டாரும் இதை வைத்து ஒருவரையொருவர் குற்றம் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. தாய்க்குத்தான் மன உளைச்சல். மரபணு ஆலோசனைக்குப் போகும்போது மட்டும் உறவு முறையை மறைக்காமல் சொல்லுங்கள். ‘தூரத்துச் சொந்தம்’ என்று பொதுவாகச் சொல்லாமல், யார் யாருக்கு என்ன முறை என்று தலைமுறை வரைபடமாகவே எழுதிக் கொடுத்தால் ஆலோசனை சரியாக அமையும்.

கிரகணத்தன்று வெளியே போனாள், பாரம் தூக்கினாள் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

கருவின் இருதயம் 8 வாரத்துக்குள் பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பமே அப்போதுதான் உறுதியாகியிருக்கும். கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடம் தூக்கியதற்கும் இல்லை. காரணமாகக்கூடியவை வேறு: கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்படாமல் இருந்த சர்க்கரை நோய், தொடக்க வாரங்களில் வந்த ரூபெல்லா, வலிப்புக்கான வால்ப்ரோயேட் போன்ற சில மாத்திரைகள், மது. பெரும்பாலான குடும்பங்களில் இவற்றில் எதுவுமே இருப்பதில்லை.

எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும்?

18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் குறைகண்டறியும் ஸ்கேனில், இருதயத்தின் நான்கு அறைகளோடு அங்கிருந்து வெளியேறும் இரண்டு பெருங்குழாய்களையும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நான்கு அறைகள் மட்டும் நன்றாகத் தெரிந்தால் போதாது. குழாய்கள் இடம் மாறிய குறையில் அறைகள் நான்கும் ஒழுங்காகவே இருக்கும். சந்தேகம் இருந்தால், கரு இருதய எக்கோ செய்யப் பழகிய மருத்துவரிடம் 18 முதல் 24 வாரத்துக்குள் காட்ட வேண்டும். இதை வளைகாப்பு முடியட்டும் என்று ஏழாம் மாதத்துக்குத் தள்ளிவைப்பதைப் பார்க்கிறோம்; அதற்குள் முடிவெடுப்பதற்கான பல வழிகள் அடைபட்டுவிடும்.

கடுமையான குறை உறுதியானால், பனிக்குட நீரை எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை செய்வது பற்றியும், மூளையைத் தனியாக விரிவான ஸ்கேனிலும் தேவைப்பட்டால் கரு எம்.ஆர்.ஐ. மூலமும் பார்ப்பது பற்றியும் மருத்துவர் பேசுவார். பனிக்குட நீர் எடுப்பதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு, கட்டாயம் இல்லை. எம்.ஆர்.ஐ. யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. அது 30 வாரத்துக்குப் பிறகு அதிகம் சொல்லும். மடிப்புகள் விழுவது அப்போதுதான் என்பதை மேலே பார்த்தோம்.

கர்ப்பத்தைத் தொடர்வது பற்றிய கேள்வி சில குடும்பங்களுக்கு எழும். 2021 இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவில் கடுமையான குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவ வாரியத்தின் அனுமதியோடு முடிவெடுக்க இடமுண்டு. அந்த முடிவு தாயுடையது. அவருக்கு முழு விவரமும் கிடைத்த பிறகு, அவசரப்படுத்தாமல் எடுக்க விட வேண்டும். ‘மூளையும் பாதிக்குமாம்’ என்ற அரைகுறைச் செய்தியை வைத்து மற்றவர்கள் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

மூளை வளர தாய்க்கு ஆக்சிஜனோ மருந்தோ கொடுக்கலாமா?

தாய்க்கு முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் அதனால் குழந்தையின் மூளை நன்றாக வளர்கிறது என்று நிறுவப்படவில்லை. வீட்டில் ஆக்சிஜன் உருளை வாங்கி வைப்பது வீண் செலவு, ஆபத்தும் கூட. மூளை வளர்ச்சிக்கென்று விற்கப்படும் பொடிகளுக்கும் குங்குமப்பூவுக்கும் இதில் வேலை இல்லை.

தாய் செய்யக் கூடியவை எளியவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, ஃபோலிக் மாத்திரைகளைக் குமட்டுகிறது என்று நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜனைக் கொண்டு வருவது தாயின் ரத்தம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டு ஆண்கள் புகைபிடிப்பதை அவர் அருகில் நிறுத்த வேண்டும். 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவுக்கு இருதயக் குறை என்று அறிந்த தாய்மார்களில் மன அழுத்தம் மிகுந்தவர்களின் கருக்களுக்கு மூளையின் சில பகுதிகள் சற்றுச் சிறியதாக இருந்தன. இதைப் படித்துவிட்டுத் தாய் தன்னையே மேலும் நொந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. அவருக்குத் தூக்கமும் பேச்சுத் துணையும் கிடைக்கச் செய்வது கணவரின், மாமியாரின், அம்மாவின் வேலை என்பதற்காகச் சொல்கிறோம்.

பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் குழந்தைக்குச் சீக்கிரம் சிகிச்சை கிடைக்காதா?

தாய்க்கோ குழந்தைக்கோ வேறு அவசரம் இல்லாதபோது, 39 வாரம் வரை காத்திருப்பதே நல்லது. ஏற்கெனவே ஒரு மாதம் பின்தங்கிய மூளையை, நல்ல நாள் பார்த்து 37 வாரத்தில் வெளியே எடுத்தால் அந்தத் தாமதம் இன்னும் கூடும்.

எங்கே பிரசவம் என்பதை எட்டாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள். கடுமையான குறையோடு பிறக்கும் குழந்தைக்கு, குறுக்குக் குழாய் மூடிவிடாமல் வைத்திருக்கும் மருந்து பிறந்த சில மணி நேரத்துக்குள் தேவைப்படலாம். உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ பிறந்து, நீலம் பாரித்த பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவதைவிட, தாயின் வயிற்றிலேயே குழந்தையை மதுரைக்குக் கொண்டு வந்துவிடுவதுதான் பாதுகாப்பான பயணம். மூளைக்கும் அதுவே பாதுகாப்பு. பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை இருதய மருத்துவரும் உள்ள இடமா என்று முன்பே கேட்டு வையுங்கள். அறுவை சிகிச்சை வேறு ஊரில் என்றால், அங்கே போவது எப்படி என்பதையும் பேசிவிட வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு வேண்டிய குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றையும் பிரசவத்துக்கு முன்பே எடுத்து வைத்தால், பச்சை உடம்புக்காரியை வீட்டில் விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிராது.

ஆபரேஷன் முடிந்ததும் மூளையும் சரியாகிவிடும்தானே?

அறுவை சிகிச்சை இனி வரும் ஆக்சிஜனைச் சரி செய்கிறது. பின்தங்கிய வளர்ச்சியை ஒரே நாளில் ஈடுசெய்வதில்லை. பல குழந்தைகள் மெல்ல எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். முன்பு சொன்ன பாஸ்டன் ஆய்வில் 16 வயதை அடைந்த பிள்ளைகளில் பெரும்பாலோரின் அறிவுத்திறன் சாதாரண அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கினருக்கு எப்போதோ ஒரு கட்டத்தில் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி தேவைப்பட்டிருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படிப்பவர்கள் கவலையே இல்லாமல் இருந்துவிடுகிறார்கள். மற்றதை மட்டும் படிப்பவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பத் தயங்குகிறார்கள்.

எங்கள் அனுபவத்தில் பெரிய இழப்பு நடக்கும் இடம் இதுதான். நெஞ்சில் தழும்பு ஆறி, எக்கோ நன்றாக இருக்கிறது என்று சொன்னதும், இருதய மருத்துவரைப் பார்க்க வருடம் தவறாமல் வரும் குடும்பம், வளர்ச்சிப் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறது. ‘ஓடியாடுகிறானே, என்ன குறை?’ என்கிறார்கள். ஓடியாடும் பிள்ளைக்கும் எழுத்தைக் கோர்ப்பதிலும், ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனிப்பதிலும் சிரமம் இருக்கலாம். அது ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ‘சோம்பேறி’ என்று சொல்லும்போதுதான் வெளியே வரும்.

பிறந்த பிறகு எவற்றைக் கவனிக்க வேண்டும், எங்கே காட்ட வேண்டும்?

முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, பிடிமானமின்றி உட்கார்வது, இரண்டு கைகளையும் ஒரே மாதிரி பயன்படுத்துவது, பெயர் சொன்னால் திரும்புவது, ஒரு வயதை ஒட்டி ஓரிரு சொற்கள் பேசுவது ஆகியவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நெஞ்சு எலும்பு ஆறும் வரை குப்புறப் போடக் கூடாது என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொல்லியிருப்பார். அதனால் சில வாரத் தாமதம் இயல்பே. எவ்வளவு நாள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு பயமின்றித் தரையில் விட்டுப் பழக்குங்கள். ‘ஆபரேஷன் பண்ணின பிள்ளை’ என்று இடுப்பை விட்டு இறக்காமலே வளர்க்கும் அன்பும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

9, 18, 30 மாதங்களிலும், பிறகு பள்ளி சேரும் முன்பும் முறையான வளர்ச்சிப் பரிசோதனை செய்ய வேண்டும். 2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இயன்முறை, பேச்சு, பார்வை, செவிப் பயிற்சிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவிடமோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். அவர்களிடம் ‘இருதய ஆபரேஷன் ஆனது’ என்பதோடு, ‘வளர்ச்சிப் பரிசோதனை வேண்டும்’ என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

மரபணுக் காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படாத நிலையில், அடுத்த குழந்தைக்கு இருதயக் குறை வரும் வாய்ப்பு பொதுவாக 100 க்கு 2 முதல் 5 வரை. இடது பக்கக் குறைகளில் இது சற்றுக் கூடுதல். மரபணுக் காரணம் தெரிந்தால் கணக்கே வேறு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே, கரு உண்டாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள், சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், ரூபெல்லா தடுப்பூசி போடவில்லையென்றால் கர்ப்பத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பம் உறுதியானதும், முதல் குழந்தையின் எக்கோ அறிக்கையையும் ஆபரேஷன் சுருக்கத்தையும் கர்ப்பிணி அட்டையோடு சேர்த்து வைத்து, 18 வாரத்தில் கரு எக்கோவுக்கு அப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.